யுக்திய: எண்ணப்படாத நாட்கள்

2023 டிசம்பர் 17 ஆம் திகதி இலங்கைப் பொலிஸார் ‘யுக்திய’ என்ற பெயரில் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையைத் தொடங்கினார்கள். அதன் பிறகு நாள்தோறும் ஓர் அறிக்கை வந்துகொண்டிருந்தது. கடந்த 24 மணித்தியாலத்தில் இத்தனை பேர் கைது, இத்தனை கிராம் ஹெரோயின், இத்தனை கிராம் ஐஸ், இத்தனை கிலோ கஞ்சா, தடுப்புக்காவல் உத்தரவு பெறப்பட்டோர் இத்தனை பேர், புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டோர் இத்தனை பேர் என்று அதில் இருக்கும். 2024 ஜனவரி இரண்டாம் வாரத்திற்குள் கைதானோர் தொகை 29,000 ஐத் தாண்டியது. ஏறத்தாழ 1,500 பேர் தடுப்புக்காவலில் இருந்தார்கள். இவ்வளவு ஒழுங்காக வந்த அறிக்கையில் சில தொகைகள் மட்டும் வரவே இல்லை. குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், கையில் இருந்தது போதைப்பொருளே இல்லை என்று பின்னர் தெரியவந்தவர்கள் எத்தனை பேர், காவலில் அடிபட்டவர்கள் எத்தனை பேர், பிணை கிடைக்காமல் ஒவ்வொருவரும் உள்ளே கழித்த நாட்கள் எத்தனை என்று யாரும் சொல்லவில்லை. ஓர் அரச நடவடிக்கை தன் வெற்றியை மட்டும் எண்ணி, அதற்கு மக்கள் கொடுத்த விலையை எண்ணாமல் விட்டால், அந்த விலையை எண்ணும் பொறுப்பு மக்களிடம் வந்து சேர்கிறது. அதை எப்படி எண்ணுவது, யார் எண்ணுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உலகில் இதுவரை நடந்த பதிவுகள் பெரும்பாலும் கொல்லப்பட்டவர்களை மையமாகக் கொண்டவை. நம் நாட்டில் விலையின் பெரும்பகுதி சிறை நாட்களாகவே செலுத்தப்படுகிறது. ஆகவே நமது பதிவு நாட்களை எண்ணும் பதிவாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

யுக்திய தொடங்குவதற்கு மூன்று நாட்களுக்கு முன், 2023 டிசம்பர் 14 அன்று, உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. மிரிஹானையில் ஒருவர் தடுத்துவைக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டதற்கு அப்போது பதில் பொலிஸ்மா அதிபராக இருந்த தேசபந்து தென்னக்கோனும் பொறுப்பாளி என்று கண்டு, 5 இலட்சம் ரூபாயைச் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடாகக் கொடுக்கும்படியும், அவர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படியும் நீதிமன்றம் பணித்தது. அதே அதிகாரியின் தலைமையில், அப்போதைய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் டிரான் அலஸின் ஆதரவோடு, நாடெங்கும் வீடு வீடாகத் தேடுதல் தொடங்கியது. 2024 பெப்ரவரியில் அவர் நிரந்தரப் பொலிஸ்மா அதிபராக நியமிக்கப்பட்டார். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் அவர் அப்பதவியில் செயற்படுவதைத் தடுத்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. இந்த வரிசையில் என் வாதத்திற்கு வேண்டியது ஒன்றுதான்: மிரிஹானைச் சம்பவத்திற்கான மனு 2011 இல் தாக்கல் செய்யப்பட்டது. திகதியோடும் சான்றோடும் ஒரு மனிதர் எழுதிவைத்த முறைப்பாடு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் செத்துப்போகவில்லை. எழுதப்படாத முறைப்பாடு பன்னிரண்டு நாட்கள்கூட உயிரோடு இருப்பதில்லை.

யுக்திய பற்றி வெளியார் எழுதியவை இருக்கின்றன. 2024 ஜனவரி 12 அன்று ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் கவலை வெளியிட்டது. தேடுதல் ஆணை இல்லாமல் வீடு புகுதல், பொது இடத்தில் ஆடை களைந்து சோதித்தல், சித்திரவதைக் குற்றச்சாட்டுகள், கைதானோருக்காக ஆஜரான சட்டத்தரணிகள் மிரட்டப்பட்டமை ஆகியவற்றை அது குறிப்பிட்டது. பத்து நாள் கழித்து ஐ.நா. நிபுணர்கள் நடவடிக்கையை உடனே நிறுத்தி மீளாய்வு செய்யக் கோரினார்கள். சோதனைகள் தொலைக்காட்சிக் கமெராக்களுக்கு முன்னால் நடத்தப்பட்டதையும் அவர்கள் கண்டித்தார்கள். ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் தனி அறிக்கை வெளியிட்டது. நாட்டின் பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறோம், நிறுத்தமாட்டோம், மக்கள் எங்களோடு இருக்கிறார்கள் என்பதுதான் அமைச்சரின் பதில். அந்தப் பதிலின் கடைசிப் பகுதி பொய்யில்லை. மக்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே அவரோடு இருந்தார்கள். கொழும்பிலும் ஜெனீவாவிலும் எழுதப்பட்ட அறிக்கைகளுக்குக் கரையோர அம்பாறையின் மாவடிப்பள்ளியிலும் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் எதிரொலி இல்லாமல் போனதற்கு அது முக்கியமான காரணம். ஊரில் எழுதப்படாத பதிவை ஊர் நம்பாது.

பிற நாடுகள் இந்த வேலையை எப்படிச் செய்தன என்று பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸில் 2016 ஜூலை முதல் 2022 வரை பொலிஸ் நடவடிக்கைகளில் மட்டும் 6,000 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அரசே ஒப்புக்கொண்டது. அடையாளம் தெரியாத ஆட்களால் சுடப்பட்டவர்களையும் சேர்த்து 12,000 முதல் 30,000 வரை இருக்கலாம் என்பது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற வழக்குத்தொடுநர்கள் எடுத்துக்காட்டிய மதிப்பீடு. அங்கே முதல் பதிவுகளைச் செய்தவர்கள் இரவில் மனிலாவின் சேரிகளுக்கு ஓடிய செய்தியாளர்களும் புகைப்படக்காரர்களும். ‘இன்குவைரர்’ நாளிதழ் கொல்லப்பட்டவர்களின் பட்டியலை வெளியிட்டுவந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்திகளைத் தொகுத்துத் தரவுக் களஞ்சியம் அமைத்தார்கள். சந்தேக நபர் எதிர்த்துச் சுட்டார், ஆகவே சுட்டோம் என்ற ஒரே வாசகம் ஆயிரக்கணக்கான பொலிஸ் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்ததை இந்தத் தொகுப்புகள்தாம் வெளிக்கொண்டுவந்தன. ஒவ்வோர் அறிக்கையாகப் படித்தவருக்கு நம்பத்தக்கதாகத் தோன்றியது, ஆயிரத்தையும் ஒன்றாக வைத்துப் படித்தவருக்கு நம்பமுடியாததாயிற்று. பின்னர், ஐந்தாண்டுக் குத்தகை முடிந்து கல்லறைகளிலிருந்து எலும்புகள் அகற்றப்படும் நிலை வந்தபோது, ஃபிளவியானோ வில்லனுவேவா என்ற பாதிரியார் குடும்பங்களைத் திரட்டி அவற்றை முறையாகத் தோண்டியெடுக்கச் செய்தார். தடயவியல் மருத்துவர் ராகேல் ஃபோர்ட்டுன் அவற்றைப் பரிசோதித்தார். நிமோனியா போன்ற இயற்கைக் காரணங்களால் இறந்ததாக மரணச் சான்றிதழ் எழுதப்பட்டவர்களின் எலும்புகளில் துப்பாக்கிக் குண்டின் அடையாளங்கள் இருந்தன. 2025 மார்ச் 11 அன்று முன்னாள் ஜனாதிபதி ரொட்ரிகோ டுட்டெர்டே கைதுசெய்யப்பட்டு ஹேக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதற்குப் பின்னால் இந்த நீண்ட, அலுப்பூட்டும், ஆபத்தான எழுத்து வேலை இருக்கிறது.

தாய்லாந்தின் அனுபவம் வேறு. 2003 பெப்ரவரியிலிருந்து மூன்று மாதங்களில் ஏறத்தாழ 2,800 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். ஊர் அதிகாரிகளிடம் சந்தேக நபர்களின் பட்டியல் கேட்கப்பட்டது. பட்டியலில் பெயரைச் சேர்ப்பது எளிது, நீக்குவதற்கு வழியே இருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, ஆட்சி மாறிய பிறகு, முன்னாள் சட்டமா அதிபர் கனித் ந நகோன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் போதைப்பொருளோடு தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை என்று அது கண்டது. ஆனால் சான்றுகள் ஆறிப்போயிருந்தன. உத்தரவிட்டவர்கள் எவரும் தண்டிக்கப்படவில்லை. பங்களாதேஷில் 2018 மே மாதம் தொடங்கிய நடவடிக்கையில் சில மாதங்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் ‘துப்பாக்கிச் சண்டையில்’ இறந்ததாகச் சொல்லப்பட்டது. டெக்னாஃப் நகரசபை உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்ட வேளையில் அவருடைய தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது. மறுமுனையில் மனைவியும் மகள்களும் கேட்டது ஒலிப்பதிவாகி நாடெங்கும் பரவியது. துப்பாக்கிச் சண்டை என்ற கதை அந்த ஒரு பதிவால் ஆட்டங்கண்டது. முஸ்லிம் பெரும்பான்மை நாட்டில், முஸ்லிம் குடும்பத்திற்கு நேர்ந்தது அது. போதைப்பொருளுக்கு எதிரான கடுமையை மார்க்கக் கடமையாக மட்டும் பார்ப்பவர்கள் இதையும் மனதில் கொள்ள வேண்டும்.

இலங்கையிலும் உயிர்கள் போயிருக்கின்றன. 2020 ஒக்டோபரில் மாகந்துரே மதூஷ் எனப்பட்ட கடத்தல்காரர் பொலிஸ் காவலில் இருந்தபடியே மாளிகாவத்தையில் சுடப்பட்டு இறந்தார். 2021 மே மாதம் காவலில் இருந்த மேலும் இருவர் சில நாள் இடைவெளியில் அதே விதமாக இறந்தார்கள். அவர்களில் இரண்டாமவரின் உயிருக்கு ஆபத்து இருப்பதாகச் சட்டத்தரணிகள் முன்கூட்டியே பொலிஸாருக்கு அறிவித்திருந்தார்கள். அறிவித்தும் அவர் காப்பாற்றப்படவில்லை. 2020 நவம்பரில் மஹர சிறைச்சாலையில் 11 கைதிகள் இறந்தபோது, மாத்திரைகளை விழுங்கிய கைதிகள் வெறிபிடித்துத் தம்முள் மோதிக்கொண்டார்கள் என்று விளக்கம் தரப்பட்டது. பிரேத பரிசோதனைகள் துப்பாக்கிச் சூட்டைக் காட்டின. யுக்திய நடந்துகொண்டிருந்த 2024 ஜனவரியில் நாரம்மலையில் லொறி ஓட்டிச்சென்ற ஒருவர் சிவில் உடையில் இருந்த பொலிஸ் அலுவலர் ஒருவரின் துப்பாக்கியால் கொல்லப்பட்டார். பொலிஸார் அதற்காக மன்னிப்புக் கோரினார்கள். இந்த மரணங்கள் ஒவ்வொன்றும் பதியப்பட வேண்டியவை. இருந்தாலும், நல்லவேளையாக, மனிலாவில் நடந்தது இங்கே நடக்கவில்லை. அதனாலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பிணங்கள் குவியாததால் இங்கே விலையே இல்லை என்று நினைக்கத் தோன்றும்.

விலை எங்கே இருக்கிறது என்று காணச் சட்டத்தின் நடைமுறையைப் பார்க்க வேண்டும். நமது போதைப்பொருள் சட்டத்தின் அடிப்படை 1929 ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். 1984 ஆம் ஆண்டின் திருத்தம் 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனையைக் கொண்டுவந்தது. 2022 இன் திருத்தம் ஐஸ் போதைப்பொருளையும் அந்தக் கடுமைக்குள் சேர்த்தது. 5 கிராம் என்பது அதன் எல்லை. கைதானவரை நீதவானின் உத்தரவோடு ஏழு நாள் வரை பொலிஸ் காவலில் வைத்து விசாரிக்கலாம். அதன்பின் விளக்கமறியல். இங்குதான் முடிச்சு விழுகிறது. பிடிபட்ட தூளில் உண்மையான ஹெரோயின் எவ்வளவு என்பதைச் சொல்வது அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை. அது வரும்வரை எந்த நீதிமன்றம் பிணை வழங்கலாம், எந்தக் குற்றச்சாட்டை முன்வைக்கலாம் என்பதெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். பெரிய அளவு என்று சொல்லப்பட்டால் பிணைக்காகக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போக வேண்டும். ஒரே மாதத்தில் பல்லாயிரம் பொட்டலங்கள் ஒரே திணைக்களத்திற்குப் போனால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கத் தனி அறிவு வேண்டியதில்லை. பொட்டலம் வரிசையில் காத்திருக்கிறது. அதற்குரியவர் சிறையில் காத்திருக்கிறார். நமது சிறைச்சாலைகள் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டோரைத் தாங்கி நிற்கின்றன. அவர்களில் பெரும்பான்மையினர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விளக்கமறியல் கைதிகள். இந்த நிலைமையை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 2020 ஆம் ஆண்டுச் சிறைச்சாலை ஆய்வு விரிவாக எழுதிவைத்திருக்கிறது. யுக்திய அதன்மேல்தான் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோய்க் கொட்டியது.

மாவடிப்பள்ளி போன்ற ஊரில் ஒரு மாத விளக்கமறியல் என்றால் என்ன? காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில், வயல்வெளிகளுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. விதைப்புக்கும் அறுவடைக்கும் நாட்கூலிக்குப் போவோர், கடலுக்குப் போவோர், ஓட்டோ ஓட்டுவோர், கட்டட வேலைக்குப் போவோர் என்று இந்தப் பகுதியின் பல குடும்பங்கள் அன்றன்றைய வருமானத்தில் வாழ்பவை. உழைப்பவர் உள்ளே போன அன்றே வருமானம் நிற்கிறது. லீசிங் தவணை நிற்பதில்லை. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் சட்டத்தரணிக்குக் காசு வேண்டும், நகை அடகுக்குப் போகிறது. மட்டக்களப்புச் சிறைக்குப் பார்க்கப் போனால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். பெரும்பாலும் அந்தப் பயணத்தைச் செய்பவர் மனைவி அல்லது உம்மா. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போவதற்குப் பொலிஸ் நற்சான்று அறிக்கை வேண்டும். வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு அந்தக் கதவும் மூடுகிறது. கல்முனைக் கரையோரத்தில் வீடு கட்டியதும் குமர் கரைசேர்த்ததும் பெரும்பாலும் அந்தக் கதவின் வழியாக வந்த காசில்தான். கைதான பையனின் தங்கைக்கு வரன் தள்ளிப்போகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை எந்த நீதிமன்றப் பதிவேடும் எழுதுவதில்லை. ஆறு மாதம் கழித்து வழக்கு கைவிடப்பட்டால் பொலிஸ் கணக்கில் எந்த மாற்றமும் வராது, ஏனெனில் கைது ஏற்கெனவே வெற்றியாக எண்ணப்பட்டுவிட்டது. குடும்பத்தின் கணக்கில் ஆறு மாதங்கள் நிரந்தரமாகக் குறைந்திருக்கும்.

புனர்வாழ்வு என்ற சொல்லின் கீழும் நாட்கள் கரைகின்றன. 2022 ஜூன் இறுதியில் பொலன்னறுவை கந்தக்காடு நிலையத்தில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். அந்த மரணம் தொடர்பாக இராணுவத்தையும் விமானப்படையையும் சேர்ந்த நால்வர் கைதானார்கள். அதே ஆண்டில் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் கூறியது. திருத்தங்களுக்குப் பிறகு 2023 ஜனவரியில் அது சட்டமானது. கட்டாயத் தடுத்துவைப்பு நிலையங்களை மூடிவிட்டு, விருப்பத்தின் அடிப்படையிலான சிகிச்சைக்கு மாறும்படி 12 ஐ.நா. அமைப்புகள் 2012 இலேயே கூட்டாகக் கேட்டிருந்தன. மகனை எப்படியாவது மீட்க வேண்டும் என்று தவிக்கும் பெற்றோரிடம் இதைச் சொன்னால், அவனை வேறு எங்கே கொண்டுபோவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி அது. கரையோர அம்பாறையில் அதற்கு எளிதான பதில் இல்லை என்பதும் நாம் பதிய வேண்டிய விலையின் ஒரு பகுதி.

இவ்வளவு இருந்தும் ஊர் ஏன் பேசுவதில்லை? வெட்கம் முதற்காரணம். பிள்ளை பிடிபட்டதை மறைப்பது குடும்பத்தின் மானத்தைக் காப்பதாக எண்ணப்படுகிறது. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் போதைக்கு எதிராகக் குரல்கொடுத்து, பொலிஸாரோடு ஒத்துழைக்கும்போது, கைதானவனின் வாப்பா அதே சபையிடம் வந்து மகனுக்கு அடித்துவிட்டார்கள் என்று சொல்லத் தயங்குவார். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு வந்த பயம் இன்னொரு காரணம். அதையொட்டிய சாய்ந்தமருதுச் சம்பவத்தைத் தொடர்ந்த மாதங்களில் வீடுகளில் அரபு எழுத்துள்ள தாள்களைக்கூட மறைத்த மக்கள், அரச அலுவலரின் பெயரோடு தம் பெயரை ஒரே தாளில் எழுத எளிதில் முன்வரமாட்டார்கள். ஆனால் இதே கிழக்கு மாகாணம் எழுதாமல் விட்டதன் விலையையும் அறியும். 1988 முதல் காணாமலாக்கப்பட்டோரைப் பற்றி விசாரிக்க 1994 இன் இறுதியில் மூன்று பிராந்திய ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. வடக்கு கிழக்குக்கான ஆணைக்குழுவுக்கு கே. பாலகிட்ணர் தலைமை தாங்கினார். அவற்றுக்கு முன்னால் வந்து நின்ற தாய்மாரில், பிடித்துச்சென்ற திகதி, வாகனம், முகாம், கண்டவர் பெயர் என்று சொல்ல முடிந்தவர்களின் முறைப்பாட்டுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. சொல்ல முடியாதவர்களின் துயரம் எவ்வகையிலும் குறைந்ததல்ல, ஆனால் அதை வைத்து யாரையும் பொறுப்புக்கூறச் செய்ய முடியவில்லை. தமிழ்த் தாய்மாரும் முஸ்லிம் தாய்மாரும் சேர்ந்து பெற்ற பாடம் இது.

எண்ண வேண்டும் என்று நினைத்தால் நமக்கு எண்ணத் தெரியும். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துச்சென்றபோது மத்ரஸா மாணவர்கள் ஆறு பேர் இறந்தார்கள். கடற்படையும் ஊர் இளைஞர்களும் நாட்கணக்கில் தேடினார்கள். ஒவ்வொரு ஜனாஸாவும் பெயரோடும் வயதோடும் அறிவிக்கப்பட்டது. யார் அனுப்பினார்கள், வீதி ஏன் மூடப்படவில்லை என்ற கேள்விகள் எழுந்தன. கைதுகளும் நீதிமன்ற விசாரணையும் தொடர்ந்தன. ஓர் இழப்பு ஊரின் இழப்பாக ஏற்றுக்கொள்ளப்படும்போது பதிவு தானாக நடக்கிறது. விளக்கமறியலில் போகும் மாதங்களை ஊர் தன் இழப்பாக இன்னும் ஏற்கவில்லை.

காவலில் மரணம் நேரும்போது நம் முஸ்லிம் சமூகத்திற்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜனாஸாவை விரைவாக அடக்க வேண்டும் என்பது நமக்கு மார்க்கத்தின் வழிகாட்டல். உடலைக் கூறுபோடாமல் தாருங்கள் என்று குடும்பம் கெஞ்சுவது இயல்பு. ஆனால் காவலில் நேரும் மரணத்தில் நீதவான் விசாரணையும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் முழுமையாக நடப்பதுதான் அந்த மையித்துக்குச் செய்யும் முதல் நீதி. மஹரவில் உண்மையைச் சொன்னது பிரேத பரிசோதனை. மனிலாவில் ஐந்து ஆண்டு கழித்து எலும்புகளைத் தோண்ட வேண்டியிருந்தது. நமது மையவாடிகளில் அது நடக்கப்போவதில்லை, நடக்கவும் வேண்டாம். ஆகவே முதல் நாளிலேயே செய்ய வேண்டும். இதை உலமாக்கள் முன்கூட்டியே மக்களுக்கு விளக்கி வைத்தால், அந்த நேரத்தில் குடும்பம் தடுமாறாது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது வாதம்தான் வலுவானது: ஐஸ் நம் பிள்ளைகளை அழிக்கிறது, வீட்டுப் பாத்திரத்தை விற்றுக் குடிப்பவனுக்கும் உம்மாவை அடிப்பவனுக்கும் நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்களா? அழிவு உண்மை. அதைக் குறைத்துப் பேசுபவர் இந்தக் கரையோரத்தை அறியாதவர். ஆனால் அந்த அழிவை நிறுத்தத்தான் நடவடிக்கை என்றால், அது நிறுத்தியதா என்று பார்க்கவும் பதிவுதான் வேண்டும். பொலிஸாரின் அன்றாட அறிக்கைகளை எடுத்து, பிடிபட்ட ஹெரோயினையும் ஐஸையும் கைதானோர் தொகையால் வகுத்துப் பாருங்கள். பல நாட்களில் ஒருவருக்கு ஒரு கிராம்கூட வராது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் பாவிப்பவர்கள், அல்லது தன் பாவனைக்காகச் சில பொட்டலங்களை விற்பவர்கள். யுக்தியவுக்குப் பிறகு 2025 இல் தெற்குக் கடற்கரையில் பல நூறு கிலோ கணக்கில் போதைப்பொருள் கைப்பற்றப்பட்டது. பல்லாயிரம் கைதுகள் அதைக் கொண்டுவந்த படகுகளை நிறுத்தவில்லை. 2025 ஒக்டோபர் 30 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ‘முழு நாடும் ஒன்றாக’ என்ற புதிய தேசிய நடவடிக்கையைத் தொடக்கிவைக்க வேண்டியிருந்ததே, முந்தையது நோக்கத்தை எட்டவில்லை என்பதற்குச் சான்று. எங்கள் ஊரில் கைதானவர்களில் எத்தனை பேர் விற்பனையாளர், எத்தனை பேர் நோயாளி, வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பவும் பாவிக்கிறார்கள் என்று தெரிந்தால், போதையை உண்மையாக வெறுப்பவர்களுக்கே அது முதலில் பயன்படும்.

குற்றவாளிகளுக்கு எதற்கு இந்தக் கரிசனம் என்பது அடுத்தது. குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தப் பெயர் பொருந்தும். தாய்லாந்தில் பாதிக்கு மேற்பட்டோரின் நிலை என்னவென்று நான்கு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது; தெரிந்தபோது அவர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள். தவிர, சித்திரவதைக்கு எதிரான 1994 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவாளிக்கு ஒன்று, அப்பாவிக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை. இது வெளிநாட்டாரின் வேலைத்திட்டம், ஜெனீவாவுக்கு விறகு சேர்ப்பது என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை: கல்முனையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் நமது பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அமைந்தது. பதிவு நேர்மையான பொலிஸ் அலுவலரைத் தளர்த்தும் என்போருக்கு ஒன்று சொல்வேன். ஒழுங்காகக் கைதுசெய்து, 24 மணித்தியாலத்திற்குள் நீதவான் முன் நிறுத்தியவருக்குத் திகதி எழுதப்படுவதால் எந்த நட்டமும் இல்லை. எழுதப்பட்ட திகதி அவருக்கே பாதுகாப்பு.

என்னை உண்மையில் தயங்கவைக்கும் எதிர்வாதம் வேறு. சிறிய ஊரில் பெயரை எழுதினால் அந்தக் குடும்பத்திற்கு இரண்டாம் முறை தீங்கு செய்கிறோம். பட்டியல் என்பதே ஆபத்தான பொருள். பொலிஸாரின் பட்டியலும் நம் பட்டியலும் ஒருநாள் ஒரே கையில் சேரலாம். இதை எளிதாகத் தட்டிக்கழிக்க முடியாது. ஆகவே பதிவில் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம் இருக்க வேண்டும். பெயரும் இலக்கமும் சேர்ந்த தாள் சட்டத்தரணி ஒருவரிடம் முத்திரையிட்டு வைக்கப்பட வேண்டும். குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் பெறப்பட வேண்டும், எப்போதும் அதை மீளப்பெறும் உரிமையோடு. வெளியே போவது தொகைகள் மட்டும். மனிலாவில் பெயரும் படமும் அச்சானதற்குக் காரணம், அவர்கள் இறந்துவிட்டார்கள் என்பது. நம்மவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், நாளை அதே தெருவில் நடக்க வேண்டியவர்கள். நாட்களை எண்ணும் பதிவுக்குப் பெயர் அவசியமும் இல்லை.

அவசியமானவை திகதிகள். வீட்டுக்கு வந்த நேரம், தேடுதல் ஆணை காட்டப்பட்டதா, நீதவான் முன் நிறுத்தப்பட்ட திகதி, உடலில் காயம் இருந்தால் வைத்தியசாலை அனுமதி இலக்கம், பொட்டலம் பகுப்பாய்வாளருக்குப் போன திகதி, அறிக்கை வந்த திகதி, பிணை கிடைத்த திகதி, வழக்கு முடிந்த விதம், அந்த நாட்களில் குடும்பம் அடகு வைத்ததும் கடன் பட்டதும். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு தவணையிலும் ஒரு வரி சேர்த்தால் போதும். இவற்றில் பலவற்றை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிஸ் திணைக்களத்திடமும் சிறைச்சாலைத் திணைக்களத்திடமும் பிரதேச வாரியாகக் கேட்கலாம். கேட்டு, நம்மிடம் உள்ளதோடு ஒப்பிடலாம். கல்முனை, சம்மாந்துறை நீதிமன்றங்களில் தொழில்புரியும் சட்டத்தரணிகளுக்கு இந்தத் திகதிகள் ஏற்கெனவே தெரியும். அவை தனித்தனிக் கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. தொகுக்கும் வேலையை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் செய்யலாம், பள்ளிவாசல்கள் குடும்பங்களுக்கு நம்பிக்கை கொடுக்கலாம்.

காலம் நீண்டதில்லை. அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்த ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. கைதானவரின் குடும்பம் முதல் மாதத்தைப் பெரும்பாலும் அதிர்ச்சியிலும் பிணை முயற்சியிலும் கழித்துவிடுகிறது. இந்த விதியை அறியும்போது கதவு மூடியிருக்கும். யுக்தியவில் பிடிபட்ட பல்லாயிரம் பேருக்கு அந்த மாதம் எப்போதோ கடந்துவிட்டது. அவர்களுக்காக இனி எழுதப்படுவது வரலாறாகவே இருக்க முடியும். ‘முழு நாடும் ஒன்றாக’ நடவடிக்கையில் இந்த வாரம் கைதானவருக்கு இன்னும் மூன்று வாரங்களாவது இருக்கின்றன.